புகைக்கு ஒரு வழி வேண்டும்

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிமாருக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



காலையிலிருந்து சம்பளத்தைப் பற்றிப் பேசினோம். சேமலாப நிதியைப் பற்றிப் பேசினோம். எனக்குச் சுகாதாரம் என்று ஒரு தலைப்பைத் தந்திருக்கிறார்கள். சுகாதாரம் என்றால் கடல். அதில் ஒரு விடயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புகைக்கூடு. சிம்னி என்றும் சொல்கிறோம்.

சிலர் சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அடுப்புக்கு மேலே கூரையை அண்ணாந்து பாருங்கள். தகரம் தார் பூசியது போல் இருக்கும். அந்தக் கரி தகரத்தில் மட்டுமா படிந்தது? அடுப்படியில் நிற்பவளின் நெஞ்சுக்குள்ளும் படிந்திருக்கிறது. முதுகில் கிடக்கும் பிள்ளையின் நெஞ்சுக்குள்ளும் படிந்திருக்கிறது.

என் அப்பா பங்களாவில் வேலை செய்தவர். தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஒவ்வொரு வருடமும் மார்கழிப் பனி இறங்குவதற்கு முன் பங்களாச் சிம்னியைத் துப்புரவு செய்வது அவருடைய வேலை. கூரைக்கு ஏணி வைத்து ஏறுவார். நீளக் கயிற்றின் நுனியில் ஒரு கல், அதற்கு மேல் முள்ளுக் கிளைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு கட்டு. அதைச் சிம்னிக்குள் இறக்கி மேலும் கீழும் இழுப்பார். கீழே கணப்படுப்பின் வாயைச் சாக்கால் மூடிக்கொண்டு இன்னொருவர் நிற்பார். வேலை முடிந்து வரும்போது அப்பாவின் கண் மட்டும்தான் வெள்ளையாகத் தெரியும்.

அன்று சாயங்காலம் பங்களாவில் கணப்படுப்பு எரியும். புகை நேராக மேலே போகும். அதே நேரத்தில் எங்கள் லயத்துக் காம்பராவில் அம்மா மிலாறு வைத்து ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பார். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. புகைக்கூடு கிடையாது. புகை கதவு வழியாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் குடிக்க வேண்டும். அம்மா இருமுவார். நான் ஒரு நாள் அப்பாவிடம் கேட்டேன்: "பங்களாவுல மட்டும் ஏம்ப்பா பொகை வீட்டுக்குள்ள நிக்க மாட்டேங்குது?" அப்பா சொன்னார்: "அங்க பொகைக்கு வழி வச்சிருக்காங்க. வருசா வருசம் அந்த வழியைக் கூட்டவும் ஆள் வச்சிருக்காங்க."

அந்தப் பதிலில் இரண்டு விடயம் இருக்கிறது. ஒன்று, வழி வைப்பது. மற்றது, வைத்த வழியைச் சுத்தமாக வைத்திருப்பது. இன்றைய பேச்சு முழுவதும் இந்த இரண்டைப் பற்றித்தான்.

புகைக்கூடு என்ன செய்கிறது

சூடான காற்று பாரம் குறைந்தது. அது மேலே ஏறும். புகைக்கூடு அதற்கு ஒரு பாதையைக் கொடுக்கிறது. பாதை உயரமாகவும் உள்ளே சூடாகவும் இருந்தால் இழுவை நன்றாக இருக்கும். அடுப்பும் நன்றாக எரியும்.

ஆனால் புகையோடு எரியாத கரியும் பிசினும் நீராவியும் சேர்ந்து போகின்றன. கேத்தல் மூடியில் ஆவி பட்டால் துளித் துளியாகக் குளிர்ந்து நிற்கிறதல்லவா? அதே போலப் புகையும் குளிர்ந்த சுவரில் பட்டதும் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் படிவுக்குக் கிரியோசோட் என்று பெயர். புகைக்கூட்டுக்குள் சூடு ஏறத்தாழ 120 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் இது வேகமாகப் படியும். ஈர விறகை எரித்தால் இன்னும் வேகம். முதலில் அது தூளாக இருக்கும், தும்புத்தடி பட்டாலே உதிரும். பிறகு செதில் செதிலாகும். கடைசியில் கண்ணாடி போல மினுங்கும் தாராக இறுகிவிடும். அந்த நிலைக்கு வந்தால் சாதாரணத் தூரிகையால் அதை எடுக்க முடியாது.

அது வெறும் அழுக்கில்லை, எரிபொருள். ஒரு பொறி பட்டால் புகைக்கூட்டுக்குள்ளேயே தீப்பிடிக்கும். அந்தத் தீயின் சூடு 1000 பாகையைத் தாண்டும். ரயில் போவது போல ஒரு இரைச்சல் கேட்கும். செங்கல் வெடிக்கும். கூரை மரத்துக்குத் தீ தாவும்.

இன்னொரு ஆபத்துக்குச் சத்தமே இல்லை. பறவைக் கூடோ உடைந்த செங்கல்லோ கரியோ பாதையை அடைத்துக்கொண்டால் புகை வீட்டுக்குள் திரும்பும். அதில் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, மயக்கம், வாந்தி என்று தொடங்கும். தூக்கத்தில் இருப்பவர் எழும்பாமலே போய்விடுவார்.

இங்கிலாந்தின் கதை

நம்முடைய தோட்டங்களைத் திறந்த துரைமார் வந்த நாட்டையே எடுத்துக்கொள்வோம். குளிர் நாடு. அடுப்பில்லாமல் வாழ முடியாது. 1662 இல் அங்கே அரசாங்கம் அடுப்புக்கு வரி போட்டது. ஒரு அடுப்புக்கு வருடத்துக்கு 2 சிலிங். 1689 இல்தான் அந்த வரியை எடுத்தார்கள். வரிக்குப் பயந்து ஏழைகள் புகைக்கூட்டை மறைத்தார்கள், அடைத்தார்கள். 1684 இல் ஒக்ஸ்போர்ட்ஷயரில் சர்ச்சில் என்ற கிராமத்தில் ஒரு பேக்கரிக்காரர், வரியிலிருந்து தப்புவதற்காகச் சுவரை உடைத்துத் தன் அடுப்பின் புகையைப் பக்கத்து வீட்டுச் சிம்னிக்குள் விட்டார் என்று சொல்வார்கள். அந்தத் தீயில் 20 வீடுகள் எரிந்தன. நான்கு பேர் இறந்தார்கள். ஒரு சுவர், இரண்டு பக்கமும் குடும்பம். லயத்தில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு காம்பராவில் பிடித்த தீ ஒரு காம்பராவோடு நிற்காது.

பிறகு நகரங்களில் நிலக்கரி வந்தது. சிம்னிகள் ஒடுங்கின, வளைந்தன. சில 9 அங்குலத்துக்கு 9 அங்குலம்தான். நம் இரண்டு கைகளையும் சேர்த்து விரித்தால் வரும் இடம். அதைக் கூட்டப் பெரிய மனிதனால் நுழைய முடியாது. அதனால் சிறு பிள்ளைகளை ஏற்றினார்கள். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள். ஏழை வீட்டுப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகள். முழங்கையும் முழங்காலும் உரசி உரசிப் புண்ணாகும். புண்ணில் உப்புத் தண்ணீரைத் தேய்த்து, தோல் தடிக்கட்டும் என்று நெருப்புக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். சில பிள்ளைகள் நடுவழியில் சிக்கி மூச்சடைத்துச் செத்தார்கள்.

1775 இல் லண்டனில் பேர்சிவல் பொட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு விடயத்தை எழுதினார். சிம்னி ஏறிய பிள்ளைகள் வளர்ந்த பிறகு அவர்களுடைய விதைப்பையில் புற்றுநோய் வருகிறது, அதற்குக் காரணம் கரி என்றார். வைத்திய விடயம், வெட்கப்பட ஒன்றுமில்லை. செய்யும் வேலையால் புற்றுநோய் வரும் என்று உலகத்தில் முதன்முதலாகக் காட்டப்பட்டது அந்தப் பிள்ளைகளின் உடம்பில்தான்.

இனி வருடங்களைக் கவனமாகக் கேளுங்கள். 1788 இல் ஒரு சட்டம் வந்தது: எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு எடுக்கக்கூடாது. பிள்ளைகள் ஏறினார்கள். 1803 இல் ஜோர்ஜ் ஸ்மார்ட் என்பவர் இணைத்து இணைத்து நீட்டக்கூடிய தடிகளும் தூரிகையும் கொண்ட ஒரு கருவியைச் செய்தார். ஆள் ஏறவே தேவையில்லை. 1828 இல் ஜோசப் கிளாஸ் அதை இன்னும் நன்றாகத் திருத்தினார். பிள்ளைகள் அப்போதும் ஏறினார்கள். 1834 இல் இன்னொரு சட்டம். 1840 இல் இன்னொன்று: 21 வயதுக்குக் குறைந்த எவரையும் சிம்னிக்குள் ஏற்றக்கூடாது. 1864 இல் ஷாப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியால் இன்னொன்று. பிள்ளைகள் ஏறிக்கொண்டே இருந்தார்கள்.

ஏன்? கருவி இல்லையா? இருந்தது. சட்டம் இல்லையா? நான்கு இருந்தன. கருவியைப் பாவிக்க வேண்டுமென்றால் வளைந்த சிம்னிகளில் சிறு கதவு வைக்க வேண்டும், அதற்குச் செலவாகும் என்றார்கள். கம்பளம் அழுக்காகும் என்றார்கள். பிள்ளை ஏறினால்தான் சுத்தமாகும் என்றார்கள். சட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று போய்ப் பார்க்க ஆள் இருக்கவில்லை.

1875 பெப்ரவரியில் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் புல்போர்ன் என்ற இடத்தில் ஒரு மனநோய் வைத்தியசாலையின் சிம்னிக்குள் ஜோர்ஜ் புரூஸ்டர் என்ற 11 வயதுப் பையனை ஏற்றினார்கள். சிக்கிக்கொண்டான். சுவரை இடித்து வெளியே எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது. அவனை ஏற்றிய எஜமானுக்கு ஆறு மாதம் கடூழியச் சிறை. அந்த வருடமே வந்த சட்டம்தான் இந்தக் கொடுமையை நிறுத்தியது. அந்தச் சட்டத்தில் புதிதாக இருந்தது என்ன? சிம்னி கூட்டும் தொழில் செய்பவர் ஒவ்வொரு வருடமும் பொலிசில் அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும். மீறினால் அனுமதி போகும். பார்த்துக்கொள்வது பொலிசின் கடமை.

1788 இலிருந்து 1875 வரை 87 வருடங்கள். சட்டப் புத்தகத்தில் எழுதுவது வேறு, அது நடக்கிறதா என்று ஒருவர் வந்து பார்ப்பது வேறு. நம்முடைய தோட்டங்களிலும் எழுதி வைத்த உரிமைகள் எத்தனை, நடப்பவை எத்தனை என்று உங்களுக்குத் தெரியும்.

இன்று அந்த நாடுகளில்

ஜேர்மனியில் சிம்னி கூட்டுபவர் படித்துத் தேர்ந்த தொழிலாளி. ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பான ஒருவர் இருக்கிறார். ஏழு வருடத்தில் இரண்டு தடவை அவர் வீட்டுக்கே வந்து அடுப்பையும் புகைக்கூட்டையும் பார்ப்பார். எந்த வேலையை எந்தத் திகதிக்குள் செய்ய வேண்டும் என்று எழுத்தில் தருவார். செய்விப்பது வீட்டுச் சொந்தக்காரரின் சட்டக் கடமை. "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் சொல்லப்படும் அளவு இது: விறகு எரித்தால் அடுப்புப் பாவிக்கும் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூட்ட வேண்டும். புகை வரும் நிலக்கரிக்கு வருடத்துக்கு இரண்டு தடவை. புகையில்லாத எரிபொருளுக்கும் வருடத்துக்கு ஒரு தடவையாவது வேண்டும். அங்கே குளிர் காலத்துக்கு மட்டும் கணப்படுப்பு எரிப்பவருக்கே இந்தக் கணக்கு. நாம் வருடம் 365 நாளும் காலையும் மாலையும் விறகு எரிக்கிறோம்.

பழைய வீடுகளுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பழைய சிம்னிகளைச் சுண்ணாம்புச் சாந்தால் கட்டினார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். இப்போது மேசன்மார் வெடிப்பைக் கடும் சீமெந்தால் பூசிவிடுகிறார்கள். ஈரம் உள்ளே அடைபடும், செங்கல் உதிரும். சிம்னி கூரையைத் துளைத்து வெளியேறும் இடத்தைச் சுற்றித் தகடு சரியாக அடிக்காவிட்டால் மழைத் தண்ணீர் இறங்கி மரம் உக்கும். இது நுவரெலியாப் பக்கத்துப் பழைய பங்களாக்களுக்கும் பொருந்தும். அங்கே வேலை செய்யும் நம் ஆட்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கூரை ஏறுவது நீங்கள்தான்.

நம்முடைய லயத்துக்கு வருவோம்

ஒரு கேள்வி மனதில் இருக்கட்டும். துரை பங்களாவுக்குச் சிம்னி வைக்கத் தெரிந்தவர்களுக்கு லயத்துக்கு வைக்கத் தெரியாமல் போகவில்லை. வைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த யாரும் இருக்கவில்லை. சில தோட்டங்களில் பிற்காலத்தில் புகைக்கூடு வைத்தார்கள். பல இடங்களில் அது அடைந்து கிடக்கிறது, அல்லது உடைந்து கிடக்கிறது. 2022 இல் காஸ் கிடைக்காமல் போனபோது அடுப்பை மாற்றியவர்களும் விறகுக்கே திரும்பினார்கள்.

வீட்டுப் புகையால் 2020 இல் மட்டும் உலகம் முழுவதும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கும் அதிகம். இதை "அம்மாவுக்கு எப்பவும் இருமல்தான்" என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

வீட்டில் நாமே செய்யக்கூடியதை முதலில் சொல்கிறேன்.

விறகைக் காய வையுங்கள். கவ்வாத்து மிலாறை வெட்டின கையோடு அடுப்பில் வைக்க வேண்டாம். மழை படாமல், காற்று படும்படி அடுக்குங்கள். பெரிய கட்டைகளைப் பிளந்து மாதக்கணக்கில் காய விடுங்கள். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் அதில் ஈரம் இருக்கிறது.

புகைக்கூடு இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பாருங்கள். ஒரு ஆணியால் உள்சுவரைச் சுரண்டுங்கள். கரி 3 மில்லிமீற்றர், அதாவது இரண்டு காசை அடுக்கிய தடிப்பு இருந்தால் கூட்டும் நேரம் வந்துவிட்டது. முதல் நாளே அடுப்பை அணைத்து ஆற விடுங்கள். வாயையும் மூக்கையும் கட்டிக்கொள்ளுங்கள். அடுப்பு வாயை ஈரச் சாக்கால் மூடுங்கள். நீள மூங்கிலில் கடினமான தூரிகையைக் கட்டிக் கீழேயிருந்து மேலே தள்ளுங்கள். கரியைத் தகர வாளியில் போட்டுத் தண்ணீர் தெளித்துக் கொட்டுங்கள். பிள்ளைகளை இந்த வேலைக்கு விட வேண்டாம். அஸ்பெஸ்டஸ் கூரையிலோ துருப்பிடித்த தகரத்திலோ ஏற வேண்டாம். அது தோட்டத்து மேசனின் வேலை, அதைக் கேட்டு வாங்குவது நம் வேலை.

அடுப்பிலிருந்து புகை திரும்பி வந்தால், கறுப்புத் தண்ணீர் வடிந்தால், கரிச் செதில் விழுந்தால், அவை எச்சரிக்கை. புகைக்கூட்டுக்குள் தீப்பிடித்தால் முதலில் எல்லோரையும் வெளியே எடுங்கள். லயத்தில் உள்ள எல்லாக் காம்பராவையும் தட்டுங்கள். முடிந்தால் அடுப்பு வாயை மூடிக் காற்றை நிறுத்துங்கள். சூடான புகைக்கூட்டுக்குள் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அது ஆவியாகி வெடிக்கும், செங்கல் பிளக்கும்.

குளிருக்காகக் கரிச் சட்டியைப் படுக்கும் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பிள்ளை பெற்ற வீட்டில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். தாய்க்குச் சூடு வேண்டும், உண்மைதான். ஆனால் மூடிய அறைக்குள் கரி எரிந்தால் அந்த நச்சு வாயு தாயையும் பிள்ளையையும் கொண்டுபோய்விடும்.

இனி சங்கம் செய்ய வேண்டியது. சுத்தம் செய்ய நமக்குத் தெரியும். ஆனால் இல்லாத புகைக்கூட்டை எப்படிக் கூட்டுவது? வீடு யாருடையதோ அவர்தான் வழி வைக்க வேண்டும்.

ஒவ்வொரு தலைவரும் தலைவியும் ஒரு கொப்பியை எடுங்கள். லயம் லயமாகப் போங்கள். நான்கு விடயங்களை எழுதுங்கள். விறகடுப்பு உள்ள வீடு எத்தனை? புகைக்கூடு இல்லாத வீடு எத்தனை? இருந்தும் அடைந்தது, உடைந்தது எத்தனை? கூரைக்கு மேலே உயராமல் கூரை விளிம்புக்குக் கீழேயே வெட்டி விடப்பட்ட குழாய் எத்தனை? குளிர் நாடுகளில் ஓர் அளவு உண்டு. கூரையைத் தாண்டும் இடத்திலிருந்து மூன்று அடி உயர வேண்டும், பத்தடிக்குள் உள்ள எதையும் விட இரண்டு அடி உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று புகையைத் திருப்பி அடிக்கும். கூரை மரம் குழாயில் முட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அந்தக் கணக்கை வைத்துத் தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். மூன்று கோரிக்கை போதும். புகைக்கூடு இல்லாத வீட்டுக்குப் புகைக்கூடு. இருப்பதை வருடத்தில் குறித்த மாதங்களில் தோட்டச் செலவில் கூட்டித் திருத்துதல். கூட்டிய திகதியை எழுதி நம் தலைவரும் கையொப்பமிடும் ஒரு பதிவேடு. தனி வீடு வரும் இடங்களில் வரைபடத்தைப் பார்க்கும்போதே குசினிக்குப் புகைக்கூடு இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டி முடித்த பிறகு கேட்டால் சுவரை உடைக்க வேண்டும்.

மூன்றாவது கோரிக்கையை விட்டுக்கொடுக்காதீர்கள். முதல் இரண்டுக்கும் "சரி, பார்ப்போம்" என்று பதில் வரும். பதிவேடு இருந்தால்தான் பார்த்தார்களா இல்லையா என்று தெரியும். இங்கிலாந்துப் பிள்ளைகளை மற்றச் சட்டங்கள் காப்பாற்றவில்லை. ஒவ்வொரு வருடமும் வந்து பார்க்கும் ஏற்பாடுதான் காப்பாற்றியது.

என் அப்பா பங்களாச் சிம்னியை முப்பது வருடத்துக்கு மேல் கூட்டினார். அந்த வீட்டில் யாரும் புகையால் இருமியதில்லை. எங்கள் காம்பராவில் அம்மா கடைசி வரை இருமிக்கொண்டே இருந்தார். அப்பாவுக்குத் தொழில் தெரியும். கயிறும் இருந்தது, கல்லும் இருந்தது. இறக்குவதற்குத்தான் எங்கள் கூரையில் ஒரு வழி இருக்கவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது அந்தக் கொப்பியோடு வாருங்கள்.